மகனுக்கும் பேரன்ட் பிளஸ் கடன்தானா?

கேள்வி: அட்லாண்டா பக்கம் மரியெட்டாவில் இருக்கிறோம். நான் மதுரைக்காரி, கணவர் கறுப்பின அமெரிக்கர். மகன் 12-ஆம் வகுப்பு. ஜிபிஏ 3.8, எஸ்ஏடி தேர்வில் 1,260. வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகத்தில்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பேன் என்கிறான். எப்படிக் கணக்குப் போட்டாலும் வருடத்துக்கு 18,000 டாலர் துண்டு விழுகிறது. மகளுக்காக எங்கள் பெயரில் மத்திய அரசிடம் வாங்கிய பேரன்ட் பிளஸ் கடனே 38,000 பாக்கி, மாதம் 480 கட்டுகிறோம். ‘இவனுக்கும் அதையே வாங்கிக்கலாம்’ என்கிறார் கணவர். அவருடைய சித்தி மகன் ஐயுஎல் (பங்குச்சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) பாலிசி போடச் சொல்லி வாராவாரம் வருகிறார். அம்மா தமிழ் என்பதால் கறுப்பின மாணவர் ஸ்காலர்ஷிப் இவனுக்குக் கிடைக்காமல் போகுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். போகாது. அப்பா கறுப்பினத்தவர் என்றால் மகனும் கறுப்பினத்தவன்தான். படிவத்தில் கறுப்பினம், ஆசியர் இரண்டையும் குறிக்கலாம். நம் ஊர் சாதிச் சான்றிதழ் போல தாசில்தார் கையெழுத்தெல்லாம் இங்கே கிடையாது. ஆனால் இனத்தைப் பார்த்து இடம் தரக் கூடாது என்ற 2023 ஜூன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கல்லூரி அட்மிஷனைப் பற்றியது என்றாலும், அதற்குப் பிறகு பல அறக்கட்டளைகள் நிபந்தனையை மாற்றிவிட்டன. பெயரைப் பார்க்காமல் இந்த வருடத் தகுதி விதியைப் படியுங்கள்.

உங்கள் வீட்டுச் சிக்கல் ‘பிளஸ் இருக்கிறதே’ என்ற அந்த நினைப்பு. அது இருக்கிற தைரியத்தில்தான் ஸ்காலர்ஷிப் படிவங்கள் நிரப்பாமலே கிடக்கின்றன. மகளுக்கு வந்த உதவிக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத உதவி), ஒர்க் ஸ்டடி (படித்துக்கொண்டே பார்க்கும் வேலை), மாணவர் கடன் என்று வரிசையாகப் போய், அடியில் பேரன்ட் பிளஸையும் சேர்த்து, ‘நீங்கள் கட்ட வேண்டியது 0’ என்று முடிந்திருக்கலாம். பல கல்லூரிகள் அப்படித்தான் அனுப்புகின்றன. அந்த சைபர் பொய்க் கணக்கு. பிளஸ் வரியைப் பேனாவால் அடித்துவிட்டு மறுபடி கூட்டினால் வருவதுதான் உண்மையான தொகை.

இப்போது கணக்கு. வருடம் 18,000 என்றால் நாலு வருடத்துக்கு 72,000. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்கும் பிளஸுக்கு ஒரு பிள்ளைக்கு மொத்த உச்சவரம்பு 65,000தான். நாலாவது வருடம் நடுவில் கை விரித்துவிடுவார்கள். 2025-26 வட்டி 8.94 சதவீதம். கடன் தரும்போதே 4.2 சதவீதத்துக்கு மேல் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். 65,000-ஐப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 820, மொத்தம் 98,000-க்கு மேல். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. மகளின் 480-ஐயும் கூட்டினால் மாதம் 1,300. வருமானத்துக்கேற்ற தவணை என்ற வசதியும் புதிய பிளஸுக்கு இல்லை.

மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பமான ஃபாஃப்சாவை இந்த வாரமே முடித்துவிடுங்கள். ரான் பிரவுன் ஸ்காலர்ஷிப் கறுப்பின மாணவர்களுக்கானது, நாலு வருடத்தில் 40,000 டாலர். வழக்கமாக நவம்பர் 1, டிசம்பர் 1 என்று இரண்டு கெடு. முதல் கெடுவைப் பிடியுங்கள். ஜாக்கி ராபின்சன் அறக்கட்டளை ஸ்காலர்ஷிப்புக்கு ஜனவரித் தொடக்கத்தில் கெடு முடியும். அமேசான் ஃபியூச்சர் இன்ஜினியர் ஸ்காலர்ஷிப்பில் இனம் நிபந்தனை இல்லை. பணத் தேவையையும் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருப்பதையும் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் தடங்கல் பெரும்பாலும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தாமதமாவதுதான். கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே மகன் நேரில் போய்க் கேட்கட்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஸ்காலர்ஷிப் தேடித் தருகிறேன் என்பவர்களுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். தர்குட் மார்ஷல் நிதி, கறுப்பின இன்ஜினியர்கள் சங்கம் போன்றவற்றின் உதவிகளில் பல, கல்லூரியில் சேர்ந்த பிறகு கிடைப்பவை. வருடாவருடம் விண்ணப்பிக்க வேண்டும்.

வெளி ஸ்காலர்ஷிப் வந்தால் சில கல்லூரிகள் தங்கள் கிராண்டைக் குறைத்துவிடும். ‘முதலில் கடனைக் குறைப்பீர்களா, கிராண்டையா?’ என்று உதவித்தொகை அலுவலகத்துக்கு மெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அறை, சாப்பாட்டுக்குப் போகும் ஸ்காலர்ஷிப் பணத்துக்கு வரி உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

கிரீன்ஸ்போரோவில் இருக்கும் ஏ அண்ட் டி மீது மகனுக்குள்ள ஆசை நியாயமானது. கறுப்பின இன்ஜினியர்களை நாட்டிலேயே அதிகம் உருவாக்கும் இடம் அது. ஆனால் ஜார்ஜியாவின் ஜெல் மில்லர் உதவி, அந்த மாநில அரசுக் கல்லூரியில் டியூஷன் முழுவதையும் கட்டுகிறது. 3.7 ஜிபிஏ, ஒரே தேர்வில் எஸ்ஏடி 1,200 வேண்டும். பள்ளி தரும் 3.8-ஐ நம்பாதீர்கள். மாநிலம் முக்கியப் பாடங்களை மட்டும் எடுத்து, ஆனர்ஸ் கூடுதலைக் கழித்துத் தனியாகக் கணக்கிடும். மாநிலத்தின் ஜிஏ ஃபியூச்சர்ஸ் இணையதளத்தில் மகனுடைய கணக்கில் அந்த எண்ணைப் பாருங்கள். கென்னசா ஸ்டேட் என்ற அரசுப் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் பிரிவு உங்கள் மரியெட்டா வளாகத்திலேயே இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம்.

ஐயுஎல் வேண்டவே வேண்டாம். கல்லூரிக்கு ஒரு வருடம்கூட இல்லாதபோது போடும் பாலிசியில் முதல் வருடங்களின் பணம் கமிஷனுக்கும் செலவுக்குமே போகும். பாதியில் எடுத்தால் சரண்டர் கட்டணம். தம்பி முறை ஆனவரிடம் ‘இல்லை’ என்பதைக் கணவரே சொல்லட்டும், உங்கள் தலையில் கட்ட வேண்டாம்.

ஏப்ரலில் கிரீன்ஸ்போரோ கடிதம் வரும். பிளஸை அடித்துவிட்டுக் கூட்டுங்கள். மகன் பெயரில் முதல் வருட மத்திய அரசுக் கடன் 5,500, நீங்கள் சம்பளத்திலிருந்து மாதம் 500 வீதம் 6,000. ஆக 11,500-க்குள் துண்டு அடங்கினால் அனுப்புங்கள். அதற்கு மேல் போனால் மே 1-க்குள் மரியெட்டாவுக்கு ‘சரி’ சொல்லிவிடுங்கள்.