வீட்டைப் புதுப்பிக்கப் பாதித் தொகையை முன்பணமாகக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு கட்டி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மொட்டை மாடி ஒழுகலைச் சரிசெய்து, மாடியிலுள்ள இரண்டு குளியலறைகளையும் புதுப்பித்துத் தர 8 லட்சம் ரூபாய் பேசியிருக்கும் ஒப்பந்ததாரர், அதில் பாதியை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? மீதியை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?
– வாசகி, திருச்சி

பதில்: பாதித் தொகையைக் கொடுக்க வேண்டாம். ஆட்களைக் கூட்டிவரவும் முதல் லோடு சிமெண்ட், மணல் இறக்கவும் அவருக்குப் பணம் தேவைப்படுவது நியாயமே. அதற்கு 10 முதல் 15 சதவீதம் போதும். டைல்ஸ், குழாய்ச் சாமான்களுக்கு நீங்களே கடையில் பணம் கட்டி, அந்தத் தொகையை ஒப்பந்த மதிப்பில் கழித்துக்கொள்ளலாம்.

மீதியைத் தேதிக் கணக்கில் கொடுக்காமல், முடிந்த வேலைக்குக் கொடுங்கள். குறிப்பாக, பின்னால் மூடப்பட்டுவிடும் வேலையை மூடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பழைய டைல்ஸை உடைத்து, புதுக் குழாய் பதித்து, அழுத்தச் சோதனை செய்ததும் ஒரு தவணை. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்தபின் வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி, 24 முதல் 48 மணி நேரம் கழித்தும் கீழ் அறையின் கூரையில் ஈரம் இறங்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்ததும் அடுத்த தவணை. டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் மற்றொன்று.

தவணைகள் சிறியவையாக இருக்கட்டும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். சரியாக முடிந்த வேலைக்கான பணத்தை நீங்கள் இழுத்தடித்தால், முதலில் நிற்பது அவர்கள் கூலிதான்.

பழைய வீடுகளில் தகராறு பெரும்பாலும் கூடுதல் வேலையில்தான் தொடங்குகிறது. பூச்சைக் கொத்தியபின் தளத்தின் கம்பிகள் துருப்பிடித்திருப்பது தெரியவரலாம். அவற்றைச் சரிசெய்யும் வேலைக்குச் சதுர அடி விலையை இப்போதே எழுதிவைத்து, இருவருமாக டேப் பிடித்து அளந்து, நோட்டில் கையெழுத்திட்டபின் தொடரச் சொல்லுங்கள்.

மாடி வேலைக்கு உண்மையான சோதனை ஐப்பசி, கார்த்திகை மழை. ஆகவே 5 சதவீதத்தை, அதாவது 40,000 ரூபாயை, அம்மழை முடியும்வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே குறிப்பிடுங்கள். முன்கூட்டிப் பேசாமல் கடைசியில் பிடித்துவைப்பது முறையன்று. பேசிய தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒப்பந்தத்துக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை, பிரித்து வாங்கினாலும், வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது. எனவே வங்கி வழியாகவே செலுத்துங்கள். வேலையில் குறை நேர்ந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேரிட்டால், அந்தக் கணக்கும் அளவு நோட்டும் உங்களுக்குச் சான்றாகும்.