மனநோய் என்று சொல்லிக் குற்றவாளிகள் சுலபமாகத் தப்பித்துவிடுகிறார்களே, ஏன்?

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். எங்கள் பக்கம் யாராவது கொஞ்சம் முரண்டு பிடித்தால், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானில் கொண்டுபோய்ப் போடு" என்பார்கள். 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. இப்போது அதற்கு பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர். பெயர் மாறியும் கேலி மாறவில்லை.

தப்பிக்கிறார்களா? நான் பார்த்தது நேரெதிர்.

ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. முதலில் முனியாண்டி கோயிலுக்குத்தான் கூட்டிப்போனார்கள். (குறை சொல்லமாட்டேன், கிளினிக்குக்கு பஸ் இல்லை, கோயில் நடந்து போகிற தூரம்.) அப்புறம் மாத்திரை. கை நடுங்குது, பால்வெட்ட முடியவில்லை என்று அதையும் நிறுத்திவிட்டார். ஒரு நாள், ரேடியோவில் தன்னைத் திட்டுகிறார்கள் என்று மளிகைக்கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டார். போலீஸில் 'குடிபோதை' என்றே முடிவு கட்டினார்கள். அவர் தண்ணியைத் தொடாதவர். அவருடைய அம்மா கிளினிக் அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுபோனார். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

மனநிலையில் சந்தேகம் வந்தால் மாஜிஸ்திரேட் ஒருவரை ஒரு மாதம் வரை மனநல மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க உத்தரவிடலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 342-ஆவது பிரிவு. அதைக் கேட்ட மாமா, "ஒரு மாசமா? ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிடும்" என்றார். அண்ணனும் குற்றத்தை ஒத்துக்கொண்டார். அபராதத்துக்கு அக்காவின் தோடு அடகுக்குப் போனது.

பெரிய வழக்கென்றால் இன்னும் மோசம். தண்டனைச் சட்டம் 84-ஆவது பிரிவில் விடுதலை பெற வெறும் மருத்துவச் சீட்டு போதாது. செய்கிற காரியம் என்னவென்றோ, அது தப்பென்றோ அந்த நேரத்தில் தெரியாத நிலை என்று குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். செயலைச் செய்தது அவர்தான் என்றால் காவலில் வைத்து, மாநில ஆட்சியாளருக்கு அறிக்கை போகும். அந்த ஆட்சியாளரின் விருப்பம் உள்ளவரை மருத்துவமனை வாசம். திருடனுக்காவது விடுதலைத் தேதி உண்டு. இதற்குப் பெயர் தப்பிப்பதா?

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக்கூட 2023 வரை குற்றவாளி என்றுதான் சட்டம் சொன்னது.

அண்ணன் இப்போது மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, செம்பனை (எண்ணெய்ப்பனை) உதிரிப்பழம் பொறுக்குகிறார். அதே கடைக்காரர் கடனுக்குச் சாமான் கொடுக்கிறார். இவர் தலை தெரிந்தால் மட்டும் ரேடியோவை அணைத்துவிடுவார்.