வகுப்பை விட்டு நூலகத்துக்குப் போகலாமா?

கேள்வி: பெரம்பூரில் ஒரு தனியார் பள்ளியில் 9 ஆண்டுகளாகத் தமிழ் எடுக்கிறேன். எம்.ஏ., பி.எட். முடித்தவள். வரும் ஜூனிலிருந்து பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுப் போக மனமில்லை. நூலகத்துக்கென்று தனியாகப் படிக்க வேண்டுமா? போனால் ஆசிரியர் என்ற இடத்தை இழந்துவிடுவேனா?

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள் டீச்சர். அந்தப் பிள்ளைகளுக்காகவே ஒப்புக்கொள்ளுங்கள். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், போர்ஷன் முடிக்கும் அவசரத்தில், ஒரு பிள்ளை வாசிப்பதை ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்க முடிந்ததா? நூலகத்தில் முடியும்.

உங்கள் தயக்கம் சென்னைக்குப் புதிதல்ல. மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சீர்காழி ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்தத் தனிமை பொறுக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிடப் பார்த்தார். லண்டன் போய்ப் பயிற்சி பெற்று வந்து, அப்புறம் முடிவு செய்யலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்த நூலகத்திலேயே இருந்தார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது.

படிப்பு வேண்டும்தான். எந்தப் பட்டம் பெற்றவரும் ஓராண்டில் பி.லிப்.ஐ.எஸ்சி. என்ற நூலக அறிவியல் பட்டப்படிப்பை முடிக்கலாம். வேலையை விடாமல் படிக்க இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் விசாரியுங்கள். கேந்திரிய வித்யாலயா போன்ற இடங்களில் நூலகர் பணிக்கு விண்ணப்பிக்க நூலகப் பட்டமோ பட்டயமோ கட்டாயம் கேட்பார்கள். அங்கே நூலகருக்கும் பட்டதாரி ஆசிரியருக்கும் ஒரே ஊதிய நிலை. அதனால் இதை இறக்கம் என்று நினைக்க வேண்டாம். நூல்களை வகைப்படுத்தவும் பட்டியலிடவும் அந்தப் படிப்பு நன்றாகவே சொல்லித் தரும். திணறும் பிள்ளையை வாசிக்க வைக்கும் வித்தை அதில் அவ்வளவாக இருக்காது. அது உங்கள் பி.எட்.டிலும் 9 வருட அனுபவத்திலும்தான் இருக்கிறது, ஆகவே எதையும் இழக்கப்போவதில்லை.

பொறுப்பேற்கும் முன் இரண்டு விஷயங்களை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். நூலக பீரியடில் உங்களை வேறு வகுப்புக்கு சப்ஸ்டிட்யூஷன் அனுப்பக்கூடாது. அந்த பீரியடைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்க்கவும் கூடாது. அடுத்தது, புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ ஆண்டுக்கு இத்தனை வரை கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்ற ஏற்பாடு. நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் தொலைந்த புத்தகங்களுக்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள். அடுத்த வருடம் முழுக்க நானே பீரோவைப் பூட்டி வைத்தேன். அந்த ஒரு வருடத்துப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

இனி, திணறும் பிள்ளைகள். முதல் இரண்டு வாரம் அலமாரி அடுக்குவதை ஒத்திவைத்துவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்க, பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் அசர் ஆய்வில் பயன்படுத்தும் படிகள் இவை. எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

247 எழுத்துகளிலும் தடுமாறும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. தடுக்கும் இடங்கள் சில குறிப்பிட்ட இடங்கள்தான். கெ, கே, கை எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ வந்தால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. உகர வரிசையில் கு, சு, து என்று வடிவம் ஆளுக்கு ஒரு விதம். அப்புறம் கடல், பகல், தங்கம் மூன்றிலும் ‘க’ ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. பிள்ளை எதில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்த ஒரு வரிசைக்கு மட்டும் பத்துப் பதினைந்து சொற்களை அட்டையில் எழுதிப் பழக்குங்கள். மறுபடி ‘அ’னாவிலிருந்து தொடங்கி அந்தப் பிள்ளையைச் சோர வைக்காதீர்கள்.

எழுத்தெல்லாம் தெரிந்தும் வாக்கியத்தில் திணறுபவர்களுக்குச் சிக்கல் வேறு. “வந்துகொண்டிருக்கிறான்” என்று புத்தகம் சொல்கிறது. பிள்ளையின் காதில் விழுந்ததெல்லாம் “வந்துட்டிருக்கான்”தான். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைக்கு அதுவும் குறைவு. காதில் விழாத சொல்லைக் கண் ஊகிக்காது. அதனால் தினமும் பத்து நிமிடம் நீங்கள் உரக்க வாசியுங்கள், அவர்கள் கேட்கட்டும். நூலகத்தில் நீங்கள் எடுக்கும் பாடங்களில் இதையே நான் முதலாவதாக வைப்பேன்.

புத்தகங்களுக்கு அதிகம் அலைய வேண்டாம். ஜனவரி வாக்கில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் பொதுவாக 10 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். சிறுவர் நூல்கள் வெளியிடும் தூலிகா, தாரா இரண்டும் நம் ஊர்ப் பதிப்பகங்கள்தான். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம், கதைகள் படிநிலைவாரியாகவே இருக்கும்.

ஒரு சங்கடம் வரும். ஆறாம் வகுப்புப் பையன், நான்கு வரிக் கதைப் புத்தகத்தை நண்பர்கள் முன்னால் தொட மாட்டான். வெட்கம். அவனிடம், “வெள்ளிக்கிழமை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீதான் கதை வாசிக்கணும், தயார் பண்ணிக்கோ” என்று சொல்லிப் பாருங்கள். அதே புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் நாலைந்து தடவை வாசித்துவிட்டு வருவான்.