2019 டிசையரா, புது டிசையரா: ஸ்டார் எந்த வண்டிக்கு?

கேள்வி: சென்னையிலிருந்து மதுரைக்கு அடிக்கடி குடும்பத்தோடு காரில் போய்வருகிறோம். மூன்று வயது மகள், வயதான அம்மா, நாங்கள் இருவர். புது டிசையர் கிராஷ் டெஸ்டில் 5 ஸ்டார் வாங்கியதாகச் சொல்கிறார்கள். 2019 மாடல் டிசையர் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. இரண்டும் டிசையர்தானே, பாதுகாப்பில் அவ்வளவு வித்தியாசமா?

பதில்: ஆமாம், நிறையவே வித்தியாசம். ஸ்டார் என்பது சோதித்த அந்தத் தலைமுறை வண்டிக்கு மட்டும்தான், பெயருக்கு இல்லை. கார்களை மோதவிட்டு ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2024 நவம்பரில் மோதிப் பார்த்தது நான்காம் தலைமுறை டிசையரை, அதாவது உங்கள் புது டிசையரை. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 34க்கு 31.24, அதாவது 5 ஸ்டார். குழந்தைகளுக்கு 49க்கு 39.20, 4 ஸ்டார். உங்களுக்கு வரும் 2019 வண்டி அதற்கு முந்தைய தலைமுறை. அதே அடித்தளத்தில் உருவான அப்போதைய ஸ்விஃப்ட் 2018இல் 2 ஸ்டார்தான் வாங்கியது, விதிகள் கடுமையான பிறகு 2022 டிசம்பரில் 1 ஸ்டாருக்கு இறங்கிவிட்டது. இதேபோல இரண்டாம் தலைமுறை ஹோண்டா அமேஸ் 2019இல் 4 ஸ்டார், 2024இல் புது விதியில் பெரியவர்களுக்கு 2, குழந்தைகளுக்குப் பூஜ்யம். ஆகவே யாராவது ஸ்டார் கணக்கு சொன்னால் எந்த வருடச் சோதனை என்று முதலில் கேளுங்கள். 2022 ஜூலைக்கு முன்பு பெரும்பாலும் முன்பக்க மோதலை வைத்தே பெரியவர்களுக்கான ஸ்டாரைக் கொடுத்தார்கள், பக்கவாட்டு மோதலை 5 ஸ்டாருக்கு மட்டும்தான் பார்த்தார்கள். கம்பத்தில் பக்கவாட்டாக மோதுவது, இ.எஸ்.சி. (வண்டி வழுக்கித் தடம் மாறாமல் காக்கும் வசதி) எல்லாம் அதற்கப்புறம் சேர்ந்தவை.

முன்பக்கச் சோதனையில் வண்டியை 64 கி.மீ. வேகத்தில், ஓட்டுநர் பக்கத்து 40 சதவீத முகப்பு மட்டும் படும்படி, நசுங்கக்கூடிய அலுமினியத் தடுப்பில் மோதவிடுகிறார்கள். ஓவர்டேக் செய்யும்போது எதிர்வண்டியோடு பாதி முகப்பு உரசி மோதுகிற மாதிரியான விபத்து இது. முகப்பு முழுக்க மோதினால் அடியை இரண்டு பக்கமும் பங்குபோட்டுக்கொள்ளும், இதில் ஒரு பக்கமே மொத்தத்தையும் தாங்க வேண்டும். பானட் சப்பையாகப் போவது நல்லதுதான், அது நசுங்கத்தான் வேண்டும். ஆட்கள் உட்காரும் கூடு நசுங்கக் கூடாது. அறிக்கையில் ஸ்டாரைவிட இந்தக் கூடு நிலையானதா என்ற வரியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். புது டிசையரின் கூடு நிலையானது என்று வந்திருக்கிறது. 2023இல் 5 ஸ்டார் வாங்கிய ஹூண்டாய் வெர்னாவின் கூடு நிலையற்றது என்று வந்தது. இரண்டும் 5 ஸ்டார்தான். டிசையரிலும் குறை இல்லாமல் இல்லை, ஓட்டுநர் மார்புக்குக் கிடைத்த பாதுகாப்பு சுமார்தான்.

இன்னொன்று, வேகம். நூறில் போகும் வண்டியிடம் இருக்கும் மோதல் சக்தி 64இல் போவதைப் போல கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அந்த வேகத்தில் அப்படியே போய் மோதினால் என்ன ஆகும் என்று எந்த ஸ்டாரும் சொல்வதில்லை.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழந்தைகளுக்கான அந்த 4 ஸ்டார், சோதனையில் டம்மிகளைச் சைல்டு சீட்டில் வைத்துக் கட்டியதால் கிடைத்தது. பாட்டி மடியில் உட்கார்ந்து வரும் குழந்தைக்கு அந்த ஸ்டாரில் எந்தப் பங்கும் இல்லை, மோதும் நொடியில் யாராலும் கையால் பிடித்து வைத்திருக்க முடியாது. பின்சீட்டில் ஐசோஃபிக்ஸ் கொக்கி (சைல்டு சீட்டை நேராகக் காரோடு பூட்டும் கொக்கி) இருக்கிறது, அதில் மாட்டும் சைல்டு சீட் ஒன்றை கார் வாங்கும் செலவோடு சேர்த்தே கணக்குப் போட்டுவிடுங்கள். அம்மாவும் பின்னால் பெல்ட் போட வேண்டும். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் அவர் போனது நல்ல பாதுகாப்புள்ள மெர்சிடிஸ் கார், பின்சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றுதான் காவல்துறை சொன்னது.

புது டிசையரே எடுத்தால் ஷோரூமில் இலவசமாகத் தரும் சீட் கவரைக் கவனியுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் முன்சீட்டின் ஓரத் தையலைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும், அந்த இடத்தில் திறப்பு இல்லாத கவரைப் போட்டு இறுக்கிவிட்டால் அது சரியாக விரியாது. முன்னால் இரும்பு கிராஷ் கார்டும் வேண்டாம், அது சட்டப்படியும் தப்பு, முகப்பு நசுங்கும் விதத்தையும் கெடுத்துவிடும்.

பட்ஜெட் பழைய வண்டிக்குத்தான் இடம்கொடுக்கிறது என்றால், 2023இல் 5 ஸ்டார் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் வர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா பக்கம் பாருங்கள். ஆரம்பத்தில் வந்த கீழ் வேரியன்ட்களில் இரண்டு ஏர்பேக்தான், ஆறு உள்ளதாகத் தேடுங்கள். எந்தப் பழைய வண்டியானாலும் சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால், ஏற்கெனவே ஏர்பேக் வெடித்த வண்டியில் விளக்கைப் பிடுங்கிவிட்டு விற்கிறார்களோ என்று சந்தேகப்படலாம், அதை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் ஸ்கேன் செய்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.