சந்தைக் குட்டியைக் கூட்டத்தில் விடலாமா?

கேள்வி: தோவாளையில் தென்னந்தோப்புக்குள் 2 பெட்டைக்குதிரைகள் வளர்க்கிறோம். அந்தியூர்ச் சந்தையில் ஒன்றரை வயது ஆண்குட்டி வாங்கினோம். அவிழ்த்துவிட்டதும் மூத்த குதிரை கடித்துத் துரத்துகிறது. எப்படிப் பழக்குவது?

பதில்: குட்டியை உடனே பிரித்துக் கட்டுங்கள். கடியைவிட நோய்தான் பெரிய பயம். சளியோடு தாடைக்கட்டி வரும் தொற்று வெளியே தெரிய 14 நாள்கூட ஆகலாம். அதனால் 21 நாள் தனி இடம், தனி வாளி. தினமும் காலையில் காய்ச்சல் பாருங்கள், 101.5 டிகிரியைத் தாண்டினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே பழகிவிட்டதால் பெட்டைகளுக்கும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இந்த வயதில் அவன் பெட்டையைச் சினையாக்கிவிடுவான். விதைநீக்கம் செய்து, அதன்பின் 6 வாரம் பிரித்தே வையுங்கள்.

பிறகு சில நாள் வேலிக்கு இருபுறமும் நிற்கட்டும். முள்கம்பி வேண்டவே வேண்டாம், கால் கிழிந்துவிடும். அடுத்து சாதுவான பெட்டையோடு மட்டும், பகலில், மண் வழுக்காத நாளில் விடுங்கள். பின்கால் லாடங்களைக் கழற்றிவிடுங்கள். 3 குதிரைக்கு 4 இடத்தில் புல், இடையில் 30 அடி. வேலி மூலைகளில் குறுக்கே மூங்கில் கட்டினால் குட்டி சிக்காது.

குட்டி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூடி, பல்லைத் தட்டும். பெரியவற்றுக்குப் பணிகிற அடையாளம் அது, பயப்படாதீர்கள். காதை மடக்கிக் கொஞ்சம் துரத்துவதும் சகஜம். தீனியே தின்ன விடாமல் விரட்டினாலோ, ஓரங்கட்டி இரு பின்காலாலும் உதைத்தாலோ பிரித்துவிட்டு, மறுபடி வேலியிலிருந்து தொடங்குங்கள்.