நேரலை நடுவில் படம் நிற்பது ஏன்? கேள்வி பதில்

இணையம் வழியாகத் தொலைக்காட்சி நேரலை பார்ப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு, வீட்டு இணைய இணைப்புகளை அமைத்துப் பழுது நீக்கும் பணியில் இருப்பவர் அளித்த பதில்கள்.

மதுரை வாசகர்: எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பு உள்ளது. திரைப்படங்கள் தடையின்றி ஓடுகின்றன. கிரிக்கெட் நேரலை மட்டும் அடிக்கடி நின்று, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காரணம் என்ன?

பதில்: திரைப்படம் முழுவதும் சர்வரில் தயாராக இருப்பதால், உங்கள் டிவி அடுத்த சில நிமிடங்களுக்கான பகுதியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறது, இடையில் இணைப்பு சற்றுத் தளர்ந்தாலும் உங்களுக்குத் தெரிவதில்லை. இன்னும் வீசப்படாத பந்தை எந்த டிவியாலும் எடுத்து வைக்க முடியாது. மேல்நிலைத் தொட்டி நிறைந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் அரை மணி நேரம் நின்றாலும் எவரும் கவனிப்பதில்லை, குடம் குடமாகப் பிடித்துப் புழங்கும் வீட்டில் உடனே தெரிந்துவிடும் அல்லவா, அதே வேறுபாடுதான் இங்கும்.

நேரலைப் படம் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் தொடக்கத்தில் 10 நொடித் துண்டுகளும், பின்னர் 6 நொடித் துண்டுகளும் பரிந்துரைக்கப்பட்டன. பொதுவாக மூன்று துண்டுகள் அளவுக்குப் பின்தங்கியே படம் தொடங்கும் என்பதால், கையிருப்பு ஏறத்தாழ 18 நொடிகள்தாம். அது தீருவதற்குள் அடுத்த துண்டு வந்து சேராவிட்டால் படம் நின்றுவிடும். முழு எச்டி தரத்துக்கு 5 முதல் 8 எம்பிபிஎஸ் போதும். உங்களிடம் 100 இருக்கிறது. ஆகவே வேகத்தின் அளவைவிட, அந்த வேகம் ஒரு நொடிகூடச் சரியாமல் இருக்கிறதா என்பதையே நீங்கள் பார்க்க வேண்டும்.

ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒரு லேன் கேபிளை இழுத்து, ஒரு மாலை முழுவதும் பாருங்கள். படம் நிற்காமல் ஓடினால் குறை வைஃபையில். அப்போதும் நின்றால், வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ ஒளிபரப்பும் சேவையிலோ இருக்கிறது. ஸ்பீட் டெஸ்ட் எடுப்பதாக இருந்தால் டிவியிலேயே எடுங்கள். ரவுட்டர் அருகில் நின்று கைபேசியில் எடுத்த அளவு டிவியின் நிலையைக் காட்டாது.

திருநெல்வேலி வாசகர்: 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: ஒரே நேரத்தில் பல டிவிகள் ஓடும் வீடாக இல்லாவிட்டால் ஆகாது. முதலில் கேபிள் சோதனையைச் செய்யுங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: ரவுட்டர் கூடத்திலும் டிவி படுக்கையறையிலும் உள்ளன. அடுக்குமாடிக் குடியிருப்பு. என்ன செய்யலாம்?

பதில்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். உங்கள் குடியிருப்பின் ரவுட்டர்கள் அனைத்தும் அவற்றுக்குள்ளேயே நெருக்கிக்கொண்டிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைச்சல் எழுப்பும். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் அது கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். ஒரு சுவர்தான் குறுக்கே என்றால் 5-ஐப் பயன்படுத்துங்கள். இரண்டு, மூன்று சுவர்கள் என்றால் கேபிள் இழுப்பதே நிலையான தீர்வு.

சென்னை வாசகர்: டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்ற பொதுச் சேவைக்கு மாற்றினால் பஃபரிங் (படம் நின்று வட்டம் சுற்றுவது) நின்றுவிடும் என்கிறார்களே?

பதில்: டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயருக்கு உரிய சர்வர் முகவரியைக் கண்டுபிடித்துத் தருவதோடு சரி; ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் வேகத்தை அது கூட்டுவதில்லை. சில வேளைகளில், அருகிலுள்ள சர்வருக்குப் பதிலாகத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்பி நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

திருச்சி வாசகர்: நீங்கள் சொன்னபடி கேபிள் போட்டேன். வைஃபையில் 180 காட்டிய டிவி இப்போது 94-தான் காட்டுகிறது. கேபிள் வேகத்தைப் பாதியாக்கிவிட்டதே!

பதில்: பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையைச் சேர்ந்தது, ஆகவே 94 என்பது அதன் முழு அளவு, பழுது அன்று. நேரலை நிற்கிறதா?

திருச்சி வாசகர்: நிற்கவில்லை. ஆனாலும் 200-க்குப் பணம் கட்டிவிட்டு 94-ஐப் பெறுவது இழப்புத்தானே?

சேலம் வாசகர்: அவர் கேட்பது நியாயம். யுஎஸ்பி லேன் அடாப்டர் போட்டால் 94-ஐத் தாண்டலாமே?

பதில்: டிவி அந்த அடாப்டரை ஏற்றுக்கொண்டால் தாண்டலாம், ஆனால் எதற்காக? 4கே படத்துக்கே 25 எம்பிபிஎஸ் போதும். மீதி வேகம் வீட்டிலுள்ள பிற கருவிகளுக்குக் கிடைக்கிறது, எங்கும் வீணாகவில்லை. வைஃபையில் ஒரே சேனலை அனைத்துக் கருவிகளும் முறை வைத்துப் பயன்படுத்துகின்றன; ஒரு பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) சிதைந்தால் மீண்டும் அனுப்ப வேண்டும். அதனால் சராசரி 180 என்று காட்டினாலும், இடையிடையே சில நொடிகள் அது மிகவும் கீழே இறங்கியிருக்கலாம். அந்தச் சில நொடிகளில்தான் உங்கள் படம் நின்றது. சராசரியை மட்டும் பார்த்து இணைப்பை எடைபோடாதீர்கள்.

சேலம் வாசகர்: எங்கள் வீட்டில் கேபிள் இருந்தும், மகள் கைபேசியிலிருந்து வீடியோ அப்லோட் செய்யும்போதெல்லாம் நேரலை நிற்கிறது. உங்கள் விளக்கம் இதற்குப் பொருந்தவில்லையே?

பதில்: உண்மை, இது வேறொரு நோய், இந்த அமர்விலேயே மிக நல்ல கேள்வியும் இதுதான். அப்லோட் பாதை நிறைந்ததும் ரவுட்டர் பாக்கெட்டுகளை நீண்ட வரிசையில் நிறுத்தி வைக்கிறது. ‘துண்டு கிடைத்தது, அடுத்ததை அனுப்பு’ என்று டிவி அனுப்பும் சிறு செய்தியும் அந்த வரிசையின் கடைசியில் மாட்டிக்கொள்கிறது. இதற்குப் பஃபர்புளோட் என்று பெயர்; கணினி மென்பொருள் வல்லுநர் ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் இதைப் பலரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வரிசையை ஒழுங்குபடுத்தும் எஃப்க்யூ-கோடல் முறை 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. உங்கள் ரவுட்டரில் இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் என்ற அமைப்பு இருந்தால் அதை இயக்கி, அப்லோட் வேகத்தை உண்மையான அளவில் 90 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்துங்கள். இல்லாவிட்டால், போட்டி முடியும்வரை அப்லோடைத் தள்ளிவைப்பதே வழி.

நாகர்கோவில் வாசகர்: 50 எம்பிபிஎஸ் நேரலைக்குப் போதுமா? கைபேசியில் 48 காட்டுகிறது.

பதில்: போதும். ஆனால் கைபேசியில் எடுத்த அளவை நம்பாதீர்கள் என்று முதல் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து அதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: டிவியில் செருகி இணையப் படம் பார்க்கும் ஸ்டிக் ஒரு மணி நேரம் நன்றாக ஓடிய பிறகு திணறுகிறது.

பதில்: டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து மின்சாரம் கொடுத்திருந்தால், ஸ்டிக்குடன் வந்த அடாப்டருக்கு மாற்றுங்கள். டிவிக்குப் பின்னால் வெப்பம் தேங்காமல் சற்று வெளியே தள்ளி வையுங்கள்.

கரூர் வாசகர்: எல்லாக் கட்டணச் சேனல்களையும் 150 ரூபாய்க்குத் தரும் ஒரு செயலியில் பஃபரிங் அதிகம்.

பதில்: உரிமம் இல்லாத சேவைகளுக்கு நான் வழி சொல்வதில்லை.

ஈரோடு வாசகர்: முக்கியமான ஆட்டங்களின் கடைசி ஓவர்களில் எங்கள் தெருவில் எல்லா வீடுகளிலும் நிற்கிறது.

பதில்: அப்படியானால் குறை உங்கள் வீட்டுக்குள் இல்லை. 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை பார்த்தார்கள். இத்தகைய நாட்களில் சேவையும் உங்கள் பகுதியின் இணைப்பும் சேர்ந்து நெருக்கடிக்கு உள்ளாகும். தரத்தை நீங்களே 720 என்று குறைத்து வையுங்கள்.

விழுப்புரம் வாசகர்: பக்கத்து வீட்டு டிடிஎச்சில் விக்கெட் விழுந்து அரை நிமிடம் கழித்தே எங்களுக்குத் தெரிகிறது. இதுவும் பஃபரிங்தானா?

பதில்: இல்லை. படத்தைச் சுருக்கித் துண்டுகளாக்கி அனுப்புவதற்கு ஆகும் நேரமும், நான் சொன்ன கையிருப்பும் சேர்ந்ததே அந்தத் தாமதம். அதைக் குறைக்க விரும்பி ‘லைவ்’ பொத்தானை அழுத்தினால் கையிருப்பும் குறையும், படம் இன்னும் எளிதாக நிற்கும். மாறாக, பின்னோக்கிச் செல்ல அனுமதிக்கும் செயலியாக இருந்தால், தொடக்கத்திலேயே ஒரு நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டுப் பாருங்கள். விக்கெட் இன்னும் ஒரு நிமிடம் தாமதமாகத் தெரியும், ஆனால் கையிருப்பு பெருகியிருப்பதால் சிறு தடங்கல்கள் திரைக்கு வராது.