இலைத்துளைகள் ஒன்றையொன்று ஏன் ஒட்டுவதில்லை?

கேள்வி: நகப்பூச்சை இலையின் அடிப்பக்கம் தடவி, காய்ந்தபின் உரித்து நுண்ணோக்கியில் பார்த்தால், இலைத்துளைகள் ஒன்றுக்கொன்று இடம்விட்டே இருக்கின்றன. எந்தச் செல் இலைத்துளையாக வேண்டும், எது ஆகக்கூடாது என்பதைச் செடி எப்படித் தீர்மானிக்கிறது?

முந்திக்கொண்ட செல் ஒரு சிறு புரதத்தை வெளியே விட்டு அக்கம்பக்கத்துச் செல்களை அடக்குகிறது என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். தவறில்லை, ஆனால் பாதிதான். அப்படி அடக்கும் செல் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளாமல் எப்படித் தப்புகிறது என்பதுதான் சுவாரசியமான பகுதி.

இதில் நன்றாக அலசப்பட்ட செடி அராபிடாப்சிஸ். கடுகின் உறவு. அதன் இளம் இலைத் தோலில் ஒரு செல் சமமில்லாமல் இரண்டாகப் பிரிகிறது. சிறிய பாதிக்கு மெரிஸ்டெமாய்டு என்று பெயர். பெரிய பாதி பெரும்பாலும் நெளிநெளியான சாதாரணத் தோல் செல்லாகிவிடும். மெரிஸ்டெமாய்டு இன்னும் 1 முதல் 3 முறை சமமின்றிப் பிரியும். ஒவ்வொரு முறையும் வெட்டு கொஞ்சம் திரும்பி விழுவதால், நத்தை ஓடு போல உள்நோக்கிச் சுழன்று, கடைசியில் சொந்தச் சகோதரிகள் சூழ நடுவில் நிற்கும். பிறகு உருண்டையாகி, ஒரே ஒரு முறை சமமாகப் பிளந்து இரண்டு காப்புச் செல்களாகும்; அவற்றின் நடுவில்தான் துளை. ஆக, இடைவெளியின் ஒரு பங்கு இந்தப் பிரிவு முறையிலிருந்தே வந்துவிடுகிறது.

இந்த மூன்று கட்டங்களுக்கும் மூன்று மரபணுக்கள் திறவுகோல். சமமில்லாப் பிரிவைத் தொடங்கிவைப்பது ஸ்பீச்லெஸ், மெரிஸ்டெமாய்டை உருண்டைச் செல்லாக்குவது மியூட், காப்புச் செல்லாக முடித்துவைப்பது ஃபாமா. இவை தரும் புரதங்களுக்கும் அதே பெயர்கள்தான். மூன்றுக்கும் கூட்டாளி ஸ்க்ரீம் என்ற புரதம். (இலைத்துளைக்கு ஆங்கிலத்தில் ஸ்டோமா என்று பெயர்; ஸ்டோமா என்றால் கிரேக்கத்தில் வாய். அதனால்தான் 'பேச்சற்ற', 'ஊமை' என்றெல்லாம் பெயர். இலங்கைப் பாடநூல்கள் 'இலைவாய்' என்று எழுதுவதும் அதே பொருளில்தான்.) ஸ்பீச்லெஸ் இல்லாத இலையில் ஒரு துளைகூட இருக்காது. மியூட் இல்லையென்றால் மெரிஸ்டெமாய்டு அளவுக்கு மீறிச் சுழன்று பிரிந்து அப்படியே நின்றுபோகும். ஃபாமா இல்லையென்றால் ஒல்லியான செல்கள் கம்பளிப்பூச்சி போல வரிசையாக அடுக்கிக்கொள்ளும்.

இனி சமிக்ஞை. ஸ்பீச்லெஸ் உள்ள செல் ஈபிஎஃப்2 என்ற பெப்டைடைச் (சிறு புரதத்தை) சுரக்கிறது. சற்றுப் பிந்திய கட்டத்தில் ஈபிஎஃப்1. இவை பக்கத்துச் செல்லின் சவ்விலுள்ள எரெக்டா குடும்ப ஏற்பிகளில் (வெளிச் செய்தியைப் பிடித்து உள்ளே சொல்லும் புரதங்களில்) போய் உட்காரும். ஈபிஎஃப்2 முக்கியமாக எரெக்டாவில், ஈபிஎஃப்1 முக்கியமாக அதே குடும்பத்து இஆர்எல்1-இல். கூடவே டூ மெனி மவுத்ஸ் என்ற புரதமும் வேண்டும். அதற்கு உள்ளே செய்தி கடத்தும் கைனேஸ் வால் (பாஸ்ஃபேட் ஒட்டும் பகுதி) கிடையாது. எந்தப் பெப்டைடை ஏற்பது என்பதில்தான் அதன் பங்கு. செல்லுக்குள் யோடா, அது தூண்டும் எம்கேகே4, எம்கேகே5, அவை தூண்டும் எம்பிகே3, எம்பிகே6 என்ற நொதிகளின் வரிசையில் பாஸ்ஃபேட் கைமாறிப் போகிறது. கடைசியில் பாஸ்ஃபேட் ஒட்டப்படுவது ஸ்பீச்லெஸ் மீதே. ஒட்டியதும் அது சிதைக்கப்படும். ஸ்பீச்லெஸ்ஸில் இதற்கென 93 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு பகுதி இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் புரதம் சிதையாமல் தங்கி, தோல் முழுக்கச் சிறு செல்கள் பெருகும்.

ஈபிஎஃப்2 மரபணுவை இயக்குவதும் ஸ்பீச்லெஸ்தான். அதாவது எந்தச் செல்லில் ஸ்பீச்லெஸ் அதிகமோ அதுவே அதிகம் அடக்குகிறது. அப்படியானால் அதே பெப்டைடு அதன் சொந்த ஏற்பியிலும் உட்காருமே? உட்காரத்தான் செய்யும். தப்பிப்பதற்கு ஒரு வழி பாசல் என்ற புரதம். பிரிவுக்கு முன்பே இது செல்லின் ஒரு ஓரத்தில் பிறை வடிவில் ஒட்டிக்கொள்ளும். செல் பிரியும்போது அந்தப் பிறை முழுவதும் பெரிய மகளுக்குப் போய்விடும். பாசல் யோடாவையும் எம்பிகே3, எம்பிகே6-ஐயும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வதால், பெரிய செல்லில் அடக்கும் சமிக்ஞை பலமாகி ஸ்பீச்லெஸ் குறைகிறது. சிறிய செல்லில் அந்தப் பிறை இல்லை, எனவே ஸ்பீச்லெஸ் தங்குகிறது. வெளியிலிருந்து வரும் செய்தி ஒன்றேதான். கேட்கும் காது இரண்டு மகள்களுக்கும் ஒன்றல்ல.

இதெல்லாம் தோலுக்குள் நடக்கும் பேச்சு. உள்ளே ஒளிச்சேர்க்கை செய்யும் இலையிடைத் திசுவும் குரல் கொடுக்கிறது. அது அனுப்பும் ஸ்டோமஜென் 45 அமினோ அமிலங்கள் கொண்டது; ஈபிஎஃப்2-இன் உறவினர்தான், ஆனால் வேலை நேர் எதிர். அதே ஏற்பியில் உட்கார்ந்துகொண்டு, சமிக்ஞை எதையும் தராமல் ஈபிஎஃப்2-க்கு இடம் மறுக்கிறது. ஸ்டோமஜென் கூடினால் துளைகள் கூடும், கொத்துக்கொத்தாகவும் வரும்.

துளைகள் கொத்தாக இருப்பதைப் பார்த்தவுடன் 'சமிக்ஞை கெட்டுவிட்டது' என்று முடிவுகட்டாதீர்கள். டூ மெனி மவுத்ஸ் பழுதானால் கொத்து ஒழுங்கற்று, பல திசை பார்த்து இருக்கும். எஃப்எல்பி என்ற மரபணு பழுதானால் துளைகள் பக்கம்பக்கமாக, இணையாக அடுக்கிக் கிடக்கும். அங்கே இடைவெளிப் பேச்சு நன்றாகவே இருக்கிறது. ஒரு முறையோடு நிற்க வேண்டிய சமப் பிரிவு நிற்காமல் போனதுதான் கோளாறு.

டூ மெனி மவுத்ஸில் இன்னொரு புதிர்: அது பழுதான செடியின் இலையில் துளைகள் குவிந்திருக்க, பூந்தண்டில் ஒன்றுகூட இருக்காது. காரணம், தண்டின் உள் திசு வளர்ச்சிக்காக ஈபிஎஃப்எல்6 போன்ற வேறு பெப்டைடுகளைச் சுரக்கிறது. அவையும் எரெக்டா குடும்பத்தையே தேடும். சாதாரணச் செடியில் டூ மெனி மவுத்ஸ் அவற்றைத் தோல் செல்களில் தடுத்துவிடும். காவல் இல்லாதபோது அவை புகுந்து துளைகளை அடக்கிவிடுகின்றன. இலையை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ஆய்வகத்தில் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதலில் விதை எந்த ரகம் என்று பாருங்கள். லாண்ட்ஸ்பெர்க் எரெக்டா என்ற பிரபலமான ரகத்தில், பெயர் சொல்வதுபோலவே, எரெக்டா ஏற்கெனவே பழுது. அதில் உருவாக்கிய மரபணுப் பிழையைக் கொலம்பியா என்ற இன்னொரு ரகத்தோடு ஒப்பிட்டால், கிடைக்கும் வித்தியாசம் எதனுடையது என்று சொல்ல முடியாது. பெப்டைடு கொடுத்துப் பார்ப்பதானால், முளைத்து ஓரிரு நாளான நாற்றுக்கு, திரவ ஊடகத்தில், சில மைக்ரோமோலார் அளவில் கொடுங்கள். விதையிலை விரிந்தபின் கொடுத்தால் அங்கே பெரும்பாலான செல்கள் முடிவெடுத்துவிட்டிருக்கும், பலன் தெரியாது. ஸ்டோமஜெனில் 6 சிஸ்டைன் அமினோ அமிலங்கள் 3 கந்தகப் பாலங்களாகச் சரியாக இணைந்திருக்க வேண்டும். தவறாக மடிந்த பெப்டைடு வேலை செய்யாது, அதையே ஒப்பீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எண்ணும்போதுதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை துளை என்பது அடர்த்தி. இலை நன்றாக விரிந்தால் புதிதாக எதுவும் மாறாமலே அடர்த்தி குறையும். சமிக்ஞையில் மாற்றமா என்று தெரிய வேண்டுமென்றால் குறியீட்டெண் வேண்டும்: துளைகளின் எண்ணிக்கையை, துளைகளும் மற்றத் தோல் செல்களும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். இரு காப்புச் செல்களும் நடுத் துளையும் சேர்ந்து ஒன்று என்றே கணக்கு. ஒரே வயதுள்ள இலை, இலையின் ஒரே பகுதி, நடு நரம்பையும் விளிம்பையும் தவிர்த்து எடுங்கள். மெரிஸ்டெமாய்டில் நின்றுபோன சிறு செல்களைத் தனிப் பத்தியில் எண்ணுங்கள். ஈபிஎஃப்1 மிகையானால் தேங்கி நிற்பவை அவைதான், மொத்தத்தோடு கலந்துவிட்டால் அந்தத் தடயமே போய்விடும். நகப்பூச்சு அச்சில் இந்தச் சின்னச் செல்கள் தெளிவாகப் பதியாது. டொலுயிடின் நீலச் சாயமோ, புரோப்பிடியம் அயோடைடு ஏற்றிக் கான்ஃபோக்கல் நுண்ணோக்கியோதான் இதற்குச் சரி.